நாடகப் பீரியடு கிடைத்துவிட்டது: ஆண்டு விழாவுக்குக் கொடுப்பதா, கூத்துக்கா, வகுப்பறைக்கா?

ஜூன் முதல் வாரத்தில் எங்கள் எச்.எம். கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு எப்படியும் சும்மாதான் போகுது. ஏழாவதையும் எட்டாவதையும் சேர்த்து நாடகத்துக்கு வெச்சுக்குங்க சார்" என்றார். பழைய மாணவர்கள் சேர்ந்து கொடுத்த 15,000 ரூபாயையும் அதற்கே ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார். பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் அரசுப் பள்ளி எங்களுடையது. நான் தமிழ் வாத்தியார். இரண்டு வகுப்பிலும் சேர்த்து 46 பிள்ளைகள். தக்காளி பறிப்பு மும்முரமாக நடக்கும் வாரங்களில் அதில் ஏழெட்டுப் பேர் காணாமல் போவார்கள். பரீட்சை, விடுமுறை, மழை லீவு எல்லாம் போக வருடத்துக்கு 28 வெள்ளிக்கிழமை தேறினால் அதிகம்.

ஸ்டாஃப் ரூமுக்கு வந்து உட்காருவதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டார்கள். ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய நாடகம் போடலாம் என்றார் ஒருவர். பக்கத்து ஊர் கூத்து வாத்தியாரைக் கூப்பிடலாம் என்றார் இன்னொருவர். குழந்தைத் திருமணத்தைப் பற்றி வீதி நாடகம் போட்டால் மாவட்டத்துக்கே பெயர் கிடைக்கும் என்றார் மூன்றாமவர். எனக்கு மட்டும், மேடையே இல்லாமல் வகுப்பறைக்குள்ளேயே நாடகத்தைப் பாடத்தோடு சேர்த்துச் செய்து பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

எதைச் செய்யலாம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இந்தப் பிள்ளைக்கு இப்போது வராத எது ஏப்ரலில் வந்திருக்க வேண்டும் என்று முதலில் எழுதிப் பார்த்தேன். 'தன்னம்பிக்கை', 'ஆளுமை வளர்ச்சி' என்று எழுதினேன், உடனே அடித்தேன். தன்னம்பிக்கை வந்துவிட்டதா என்று ஏப்ரலில் எதை வைத்துப் பார்ப்பது? காதால் கேட்கவும் கண்ணால் பார்க்கவும் முடிகிற மாதிரி எழுத வேண்டும் என்று திரும்ப உட்கார்ந்தேன். கத்தாமல் பேசினாலே கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும். எழுதிக் கொடுத்த வசனம் இல்லாமல் இன்னொருவர் இடத்தில் நின்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். எதிரே நிற்பவன் சொன்னதைக் கேட்டு அதற்குப் பதில் சொல்ல வேண்டும் (அவன் முடித்ததும் தன் வசனத்தை ஒப்பிப்பதை இதில் சேர்க்கவில்லை). ஒரு கூத்தையோ நாடகத்தையோ பார்த்துவிட்டு, 'நல்லா இருந்துச்சு' என்பதோடு நிற்காமல் எது பிடித்தது, எது ஒட்டவில்லை, ஏன் என்று சொல்ல வேண்டும். ஐந்தாவதாக, கொஞ்சம் தயங்கித்தான் சேர்த்தேன்: தன் ஊரில் ஆடும் கூத்து எப்படி நடக்கிறது என்பது ஓரளவாவது தெரிய வேண்டும்.

இந்தப் பட்டியலை நான் வானத்திலிருந்து பறித்துக்கொண்டு வரவில்லை. அமெரிக்காவில் 2014-ல் வெளியிட்ட தேசியக் கலைக்கல்வித் தர அளவுகள் நாடகத்தையும் சேர்த்து எல்லாக் கலைகளையும் நான்காகப் பிரிக்கின்றன: படைத்தல், நிகழ்த்துதல், பார்த்து எதிர்வினை சொல்லுதல், வாழ்க்கையோடு இணைத்துப் பார்த்தல். நம் நாட்டில் 2005 தேசியக் கலைத்திட்டச் சட்டகமே பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, நாடகத்தையும் அதற்குள் வைத்தது. என்சிஇஆர்டி 2024-ல் ஆறாம் வகுப்புக்குக் கொண்டுவந்த கலைப் புத்தகத்தில் நாடகம் தனிப் பகுதியாகவே இருக்கிறது. நம் பாடத்திட்டம் வேறு, அதனால் அது நம் கைக்கு நேராக வராது. ஆனாலும் அந்த நான்கையும் நம் பள்ளிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. நாம் செய்வது நிகழ்த்துதல் ஒன்றைத்தான், அதுவும் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து.

ஆண்டு விழா நாடகத்தில் நடப்பது அதுதான். தகடூர் என்பது நம் தருமபுரியின் பழைய பெயர் என்பதால் அதியமானும் ஔவையும் நெல்லிக்கனியும் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வருடம் தவறாமல் மேடை ஏறுவார்கள். போன வருடம் நாங்களும் போட்டோம். பன்னிரண்டு நிமிட நாடகம், இரண்டு ஸ்டாண்டு மைக். பேச வேண்டியவர்கள் மைக்கிடம் ஓடிவந்து பேசிவிட்டு நகர்ந்துகொள்வார்கள். ராஜாவே மைக்குக்காக வரிசையில் நின்றார். காட்டைக் காட்ட ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை மரமாக நிறுத்தியிருந்தோம். அட்டையில் வெட்டிய கிளையை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடமும் நின்றான். முடிந்ததும் தண்ணீர் கொடுத்து, "நாடகம் எதப் பத்திடா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கை வலிச்சுது சார்" என்றான். அதைவிட நேர்மையான விமர்சனம் அந்த நாடகத்துக்கு வரவில்லை.

இதை வைத்து ஆண்டு விழா நாடகமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள், பிள்ளைகள் பாட்டி வீட்டில். பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வராதவர்கள் ஆண்டு விழாவுக்கு லீவு போட்டு வருகிறார்கள். ஒத்திகை நடக்கும் பிப்ரவரியில் வருகை கூடுகிறது. 2022-லிருந்து அரசு நடத்தும் கலைத் திருவிழாவும் சேர்ந்துகொண்டதால், ஜெயித்தால் வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போகலாம் என்ற ஆசை பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஆனால் போட்டி என்று வந்தாலே ஏற்கெனவே நன்றாகப் பேசுகிற பிள்ளையைத்தான் பொறுக்குவோம். நானும் அப்படித்தான் பொறுக்கினேன். பேச வராத பிள்ளைக்கு மரம். டிரெஸ் வாடகை, மேக்கப், சவுண்டு சர்வீஸ் எல்லாம் போட்டு 11,000 ரூபாய் ஆனது. என் ஐந்து வரிப் பட்டியலில் அது முதல் வரியைக்கூட எட்டவில்லை. மைக் இருந்ததால் குரல் தேவைப்படவே இல்லை.

வெளியிலிருந்து ஒரு குழுவைக் கூப்பிட்டு ஒருநாள் பட்டறை வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. தமிழில் குழந்தைகள் நாடகத்துக்கென்றே வருடக்கணக்கில் உழைத்த சே. இராமானுஜம், வேலு சரவணன் மாதிரி ஆட்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வழிவந்த யாராவது வந்தால் பிள்ளைகளுக்குத் திருவிழாதான். மறுநாள் திங்கட்கிழமை வழக்கம்போல் திங்கட்கிழமையாகவே இருக்கும். பட்டறை ஆசிரியர்களுக்கு என்றால் நானே முதல் ஆளாகப் போவேன்.

அடுத்து கூத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், ராத்திரியில் விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதும், கடைசி நாளில் மண்ணால் செய்த துரியோதனனைப் படுகளத்தில் கிடத்துவதும் எங்கள் பிள்ளைகள் பாட்டி மடியில் படுத்துக்கொண்டே பார்த்தவை. நாடகம் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. புத்தகத்தில் இல்லாத ஒரு நாடகம் அவர்களுக்கு முன்பே தெரியும். பள்ளிதான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். (கூத்திலும் பள்ளியிலும் சொல்லிக் கொடுப்பவருக்கு ஒரே பெயர்தான், அவரும் என்னை 'வாங்க வாத்தியாரே' என்றுதான் கூப்பிட்டார்.) கூட வந்திருந்த எட்டாம் வகுப்புப் பையனைத் திண்ணைக்கு முன்னால் நிறுத்தி, "உம் பேரச் சொல்லு" என்றார். அவன் சொன்னான். "எனக்குச் சொல்லாத. அந்தப் புளியமரத்துக்குச் சொல்லு" என்றார். மரம் முப்பதடி தள்ளி இருந்தது. பையன் தொண்டையைக் கிழித்துக் கத்தினான். வாத்தியார் எழுந்து போய் அவன் இரண்டு காலையும் தன் காலால் தட்டி அகட்டி வைத்தார், முட்டியைக் கொஞ்சம் மடக்கச் சொன்னார், வயிற்றில் உள்ளங்கையை வைத்து, "இங்கிருந்து" என்றார். மூன்றாவது தடவை அவன் கத்தவில்லை. ஆனால் புளியமரத்தடியில் கட்டியிருந்த ஆடு திரும்பிப் பார்த்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என் முதல் வரியை நான் பத்து வருடத்தில் இவ்வளவு சுலபமாகச் சாதித்ததில்லை.

கூத்தில் என்னைக் கட்டிப்போடுவது கோமாளியாக வரும் கட்டியக்காரன்தான். ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகி வெளியே வந்ததும், கட்டியக்காரன் எதிரே போய் நின்று, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய், இவ்வளவு நகை யார் வீட்டு நகை என்று கேட்பான். ராஜா தன்னைப் பற்றி அவனுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இடையில் கட்டியக்காரன் நேற்று ஊரில் நடந்ததையும் இழுத்துப்போட்டுக் கிண்டல் செய்வான். நாடகக் கல்விப் புத்தகங்களில் 'ஹாட் சீட்டிங்' என்று ஒரு பயிற்சி வரும். ஒரு பிள்ளை பாத்திரமாக நாற்காலியில் உட்காரும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், அது பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். படித்தபோது, இது நம் கட்டியக்காரன் நின்றுகொண்டே செய்கிற வேலையாயிற்றே என்று சிரித்துவிட்டேன். பதில் எழுதி வைத்திருக்காது, கேள்வியும் எழுதி வைத்திருக்காது. என் இரண்டாவது, மூன்றாவது வரி இரண்டும் இதற்குள் இருக்கின்றன.

சரி, கூத்துக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிடலாமே என்றால், சிக்கல் இருக்கிறது. கூத்து சொல்லிக் கொடுக்கும் முறை வாத்தியார் பாட, பிள்ளை திருப்பிப் பாடுவது. ஏன் என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு. வேஷம் கட்டி நிற்கவே வருடங்கள் ஆகும். அந்த முறை நடிகனை உருவாக்குவதற்கானது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தொடங்கிய சபையும் அப்படித்தான். அங்கே சேர்ந்த பையனுக்கு அதுவே தொழில், அதுவே வீடு. என் 46 பேரில் ஒருவர் நடிகரானால் சந்தோஷம், ஆனால் அதற்காக இந்தப் பீரியடு இல்லை.

பெண்பிள்ளைகள் விஷயம் ஒன்று. எங்கள் பக்கத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுகிறார்கள். 'பொம்பளப் புள்ள கூத்தாடுறதா' என்று வீட்டில் கேட்பார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கட்டைக்கூத்துக் குருகுலம் 2002-லிருந்து 2020 வரை பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறது, அவர்கள் ராஜ வேஷமே கட்டி ஆடியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். சொன்னவுடன் ஒத்துக்கொள்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொன்று, கூத்து கோயிலோடு ஒட்டியது, எந்தத் தெருவுக்குச் சாமி போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்பது கோயிலோடு ஒட்டியது. பள்ளிக்குள் வந்தால் எல்லாத் தெருப் பிள்ளையும் ஒரே கிரீடத்தைத்தான் தலையில் வைக்கும் என்று வாத்தியாரிடம் முதலிலேயே சொன்னேன். "கிரீடத்துக்கு எந்தத் தலைன்னு தெரியவா போகுது" என்றார். அவரிடம் நான் கேட்ட இன்னொரு வாக்குறுதிக்குத்தான் ரொம்ப யோசித்தார்: கட்டியக்காரனின் இரட்டை அர்த்தப் பேச்சு எதுவும் வரக்கூடாது. "அப்ப பாதிக் கட்டியக்காரன்தான் வருவான்" என்றார்.

இனி என் ஆசைக்கு வருகிறேன். வகுப்பறை நாடகத்துக்கு மேடை வேண்டாம், பார்வையாளர் வேண்டாம், பெஞ்சைச் சுவரோரம் தள்ளினால் போதும். இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் (1926–2011) என்ற ஆசிரியை இதை ஒரு முறையாகவே வளர்த்தார். அவர் வழியில் ஆசிரியரே ஒரு பாத்திரமாக உள்ளே வந்துவிடுவார். பிள்ளைகளை வெளியே நின்று இயக்குவதில்லை. போன மார்ச்சில், பரீட்சை முடிந்து யாரும் எதுவும் கேட்காத ஒரு நாளில், ஏழாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். அதே அதியமான்தான். புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஔவை தொண்டைமானிடம், உன் ஆயுதங்கள் பீலி சூட்டி நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் ராஜாவின் வேல்களோ குத்திக் குத்தி நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பாள். புகழ்வது போல் ஒரு குத்து. நான் அரண்மனையை விட்டுவிட்டுக் கொல்லன் பட்டறைக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாரும் கொல்லர்கள். நான் அரண்மனையிலிருந்து வந்த கணக்குப்பிள்ளை. "நாளைக்குள்ள இருநூறு வேல் சரியாகணும்" என்றேன்.

முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவன், "கரி தீந்துபோச்சுங்க" என்றான். அவன் வீட்டில் தெலுங்கு, தமிழ் பீரியடில் வாயே திறக்காதவன். உடனே இன்னொருத்தி, "போன தடவ செஞ்சதுக்கே கூலி வரல" என்றாள். நான் அதட்டினேன், ராஜா கோபித்துக்கொள்வார் என்றேன். பின்னால் இருந்து ஒரு பெண், "இந்த வேல் யாருதுன்னு தெரியுமாங்க? புடிச்சிருந்தவரு திரும்பி வந்தாரா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கணக்குப்பிள்ளைக்கும் வரவில்லை, வாத்தியாருக்கும் வரவில்லை. தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்த கதையை அதற்கு அடுத்த வாரம் சொன்னபோது அந்த வகுப்பு கேட்ட கேட்பு வேறு.

நெல்லிக்கனியிலும் இப்படி ஒரு கதவு இருக்கிறது. 91-ஆம் பாட்டின்படி அதியமான் அந்தக் கனியின் பலனைச் சொல்லாமல் மறைத்துத்தான் கொடுக்கிறான். சொல்லியிருந்தால் ஔவை சாப்பிட்டிருப்பாளா? சொல்லாமல் கொடுத்தது சரியா? ஆண்டு விழாவில் பத்து வருடமாகக் கனியைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை.

செலவு இல்லை. எழுதிக் காட்டவும் வழி உண்டு. எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டின் (பருவத் தேர்வுக்கு முன்பே வகுப்பில் போடும் மதிப்பெண்) 40 மதிப்பெண்ணில் 20 செயல்பாட்டுக்குத்தான். சார்ட் ஒட்டுவதற்குக் கொடுக்கும் மதிப்பெண்ணைக் கொல்லன் பட்டறைக்குக் கொடுத்தால் யாரும் தடுக்க முடியாது. குறைகளும் தெரிந்தவைதான். சத்தம் வரும். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார், மூன்றாம் தடவை கதவைச் சாத்தினார். ஆசிரியருக்கு அன்று உடம்பு சரியில்லையென்றால் ஒன்றும் நடக்காது. காட்டுவதற்கு ஒரு போட்டோகூட மிஞ்சாது, இது எச்.எம். பக்கத்திலிருந்து பார்த்தால் சின்ன குறை இல்லை. உடம்பையும் குரலையும் இது தானாக வளர்த்துவிடாது. கரி தீர்ந்துபோனதைச் சொன்ன பையன் எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னான்.

குழந்தைத் திருமண நாடகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, எங்கள் இரண்டு மாவட்டத்துக்கும் அது வெளியூர்ச் செய்தி இல்லை. வழக்கமான விழிப்புணர்வு நாடகத்தில் கடைசி மூன்று நிமிடத்தில் போலீஸ் வேஷத்தில் ஒரு பையன் வருவான், தாலி நிற்கும், குழந்தைகள் உதவி எண் 1098 என்று எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள், ஊர் கைதட்டிவிட்டுக் கலையும். கைதட்டியவர்களில் ஒருவர் அடுத்த முகூர்த்தத்துக்குப் பந்தல்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிரேசில்காரரான அகஸ்தோ போவால் (1931–2009) உருவாக்கிய முறை இதற்கு நேர் எதிர். நாடகம் மோசமாகவே முடியும். திரும்பவும் முதலிலிருந்து ஆடுவார்கள், பார்ப்பவர் யாரும் 'நிறுத்து' என்று சொல்லி உள்ளே வந்து ஒரு பாத்திரத்தை மாற்றி ஆடலாம். முன்பு வேலை பார்த்த ஊரில் ஒன்பதாம் வகுப்பில் இதை ஒருமுறை செய்தேன். எல்லாரும் மகளை மாற்றி ஆடினார்கள்: அழுதார்கள், ஓடினார்கள், போன் செய்தார்கள். போன் யாரிடம் இருக்கிறது என்று கேட்டதும் நின்றார்கள். ஒரு பெண் மட்டும் அம்மாவின் இடத்துக்கு வந்தாள். அப்பாவாக நடித்த பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மெதுவாக, "அவங்ககிட்ட எவ்வளவு வாங்கியிருக்கீங்க?" என்றாள்.

என் இரண்டாவது, மூன்றாவது வரி இரண்டையும் ஒரே கேள்வியில் தொட்டுவிட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் வேறொரு பெண் குழாயடியில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். அவள் சொன்னதைக் கேட்டு அடுத்து என்ன செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டு நாள் தாமதமாகத்தான் சரியான ஆளிடம் போனேன். அந்த இரண்டு நாள் இன்னும் உறுத்துகிறது. இந்த நாடகத்தைக் கையில் எடுக்கும் பள்ளியில் பிள்ளைகள் நம்பிப் பேசும் ஒரு டீச்சரும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் பேசி வைத்த ஒருவரும் முன்பே இருக்க வேண்டும். எங்களிடம் இந்த வருடம் அது இல்லை. அதனால் பெயர் கிடைக்கும் என்று சொன்ன நண்பரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆக, முடிவு. வெள்ளிக்கிழமைப் பீரியடு வருடம் முழுக்க வகுப்பறை நாடகத்துக்கு. 28 வாரத்தையும் அதற்கே கொடுக்கிறேன், காரணம், 46 பேரும் உள்ளே இருக்கும் வழி அது ஒன்றுதான். கூத்து வாத்தியாரை எட்டு சனிக்கிழமைக்குக் கேட்டிருக்கிறேன், ஐப்பசி, கார்த்திகையில். மழைக்காலத்தில் வெட்டவெளியில் ஆட்டம் குறைவு, அவருக்கும் கை ஓய்வு. அவருக்கும் மிருதங்கக்காரருக்கும் சேர்த்து நாளுக்கு 1,500 வீதம் 12,000 ரூபாய். எட்டு நாளில் கூத்து வந்துவிடாது. நிற்பது, குரல், திரை விட்டு வெளியே வரும் நடை, கட்டியக்காரன் கேள்வி பதில், அவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார்.

ஆண்டு விழாவுக்கு மிச்சம் 3,000. வகுப்பில் பிடிபட்ட ஒன்று மேடைக்கு வரும், மைக் இல்லாமல், வாடகை டிரெஸ் இல்லாமல். எச்.எம். முகத்தைப் பார்த்தேன், சவுண்டு சர்வீஸ் வேண்டாம் என்றதும் ஒத்துக்கொள்ளாத மாதிரிதான் இருந்தது. பிப்ரவரியில் இன்னொரு தடவை பேசிக்கொள்ளலாம். கலைத் திருவிழாவுக்கு யாரை அனுப்புவது என்பதைப் பிள்ளைகளே ஓட்டுப்போட்டுச் சொல்லட்டும், ஏன் என்பதையும் எழுதித் தரட்டும். என் நான்காவது வரிக்கு வேறு நல்ல பரீட்சை எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை வகுப்புக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று கடிதம் கொடுத்தனுப்பினேன். பெண்பிள்ளைகள் 22 பேரில் 19 கடிதம் திரும்பி வந்திருக்கிறது. கொல்லன் பட்டறையில் கேள்வி கேட்ட பெண்ணின் கடிதம் வராத மூன்றில் ஒன்று. அவள் அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்குவாராம். அதற்கு முன்னால் மற்ற இரண்டு வீட்டுக்கும் போய்விட்டு வரவேண்டும்.